பதினாலாம் நம்பரின் நிறம்

கதிராமனை ஊரில் எல்லாரும் 'மூத்திரக் கதிராமன்' என்றுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன், பொய் சொல்வானேன்? முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவனும் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறான். இப்போது யாராவது அந்தப் பெயரை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்பவர்களில் பாதிப் பேர் அவன் கையால் பிழைத்தவர்கள். அவர்களுக்கு வாய்தான் நீளம்.

நான் ராசமலர். திருகோணமலையில் டாக்டர் கனகசுந்தரம் தன் வீட்டின் முன்பாதியில் நடத்திய மருந்தகத்தில் பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தவள். கதிராமன் அங்கே சோதனைச்சாலை ஆள். சோதனைச்சாலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். குசினிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்த அறை அது. ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு தட்டுக் கண்ணாடிக் குழாய்கள், நீல மருந்து நிறைந்த ஒரு பெரிய போத்தல். அவ்வளவுதான்.

டாக்டருக்குச் சலரோகத்தில் ஒரு பித்து. நீரிழிவு என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அதுதான். "வெள்ளைக்காரன்ர புத்தகத்தில ரொட்டியும் உருளைக்கிழங்கும் கிடக்கு. எங்கட சனம் சோறும் மீனும் குரக்கனும் தின்னுது. எங்கட உடம்பில என்ன நடக்குதெண்டு நாங்கள்தான் பாத்து எழுதவேணும்" என்பார். அதற்காகப் பதினாலு நோயாளிகளைத் தெரிந்தெடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், தடித்த நோட்டில் தனிப் பகுதி. என்ன தின்றார், எவ்வளவு நடந்தார், என்ன மருந்து ஏற்றியது, சிறுநீர் என்ன நிறம் காட்டியது எல்லாம் அதில் ஏறவேண்டும்.

நிறம் பார்ப்பதுதான் கதிராமனின் வேலை. நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பான். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்குமேல் மஞ்சள், பிறகு தோடம்பழ நிறம், அதாவது ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல். செங்கல் என்றால் ஆள் கவனமாக இருக்கவேண்டும்.

அவன் வெருகல் பக்கத்துக் கடற்கரைக்காரன். மீன்பிடிக் குடும்பம். திருக்கை முள் குத்தி இடக்கையில் இரண்டு விரல் மடங்கிப்போனதால் வலை இழுக்க ஏலாது என்று இங்கே தண்ணீர் அள்ள வந்தவன். தூரத்துத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து என்ன மீன் நிற்கிறது என்று சொல்லிப் பழகிய கண் அவனுக்கு. ஒருநாள் டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பச்சையோ மஞ்சளோ என்று தடுமாறியபோது, வாளியோடு போனவன் நின்று, "மஞ்சள்தான் ஐயா, அடியில பாருங்கோ" என்றான். அடுத்த நாளே வாளி வேறு ஆளின் கைக்குப் போனது.

அதிலிருந்து அவனுக்குத் தலைக்கனம் இல்லாவிட்டாலும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. குழாய் காட்டுகிற நிறத்துக்கு மேலே ஒரு சொல் சொல்லமாட்டான், கீழேயும் சொல்லமாட்டான். மீன் வியாபாரி முத்தலிப் முதலாளி மூன்றாம் நம்பர். முந்தின நாள் கலியாண வீட்டில் இனிப்பு வட்டிலப்பத்தை ஒரு கை பார்த்துவிட்டு வந்து, "தம்பி, பச்சை எண்டு போடு. டாக்டர் ஏசுவார்" என்று கெஞ்சுவார். "குழாயிட்டக் கேளுங்க முதலாளி" என்பான் இவன். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

பதினாலாம் நம்பர் சித்தி பரீதா. மூதூர்ப் பிள்ளை, பதினொரு வயது. தகப்பன் இல்லை. தாய் றுக்கியா பாய் பின்னி வளர்த்தாள். மற்றப் பதின்மூன்று பேரும் நாற்பது தாண்டிய, தொந்தி வைத்த ஆட்கள். சாப்பாட்டைக் குறைத்தால் அவர்களுக்கு நோய் குறையும். இந்தப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி. உடம்பில் சுரக்கவேண்டியது சுரக்கவேயில்லை. இன்சுலின் ஊசி ஏற்றினால் உயிர், ஏற்றாவிட்டால் இல்லை. டாக்டர் எனக்கு அதைச் சொன்னபோது வெளியே பிள்ளை கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வாரத்துக்கு இரண்டு தரம் தாயும் மகளும் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து வருவார்கள். பரீதா நேரே விறகு அறைக்குள் போய்விடுவாள். குழாய் கொதிக்குமுன் நிறத்தைச் சொல்லவேண்டும், அதுதான் அவர்களுடைய விளையாட்டு. "நீலம், மாமா!" என்பாள் ஒவ்வொரு முறையும். ஒருநாள் உண்மையாகவே நீலம் வந்தது. கடல் மாதிரி சுத்த நீலம். கதிராமன் குழாயை ஆட்டினான், போத்தலை மணந்து பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

"இது எங்கட கிணத்துத் தண்ணியெல்லோ?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கு நீலம் வந்தாச் சந்தோசமாயிருக்கும் எண்டுதான் மாமா."

அவன் அன்றைக்கு நோட்டில் 'கிணற்றுத் தண்ணீர்' என்றே எழுதினான். டாக்டர் அதை வாசித்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மருந்து கொழும்பிலிருந்து ரயிலில் வரும். கொழும்புக்குக் கப்பலில் வரும். பால் கலந்த தண்ணீர் மாதிரிக் கலங்கலான மருந்து அது. வெக்கை பட்டால் கெட்டுவிடும் என்று டாக்டர் அதை ஈரமணல் நிரப்பிய பானையில் புதைத்து, இருட்டறையில் வைத்திருந்தார். றுக்கியாவின் வீட்டிலும் அப்படி ஒரு பானை. ஊசி போட அவளை நான்தான் பழக்கினேன். நல்ல கை அவளுக்கு.

உலக யுத்தத்தில் நாற்பத்திரண்டாம் வருஷம் பிறந்தபோது கப்பல்கள் குறைந்தன. அரிசியும் குறைந்தது. அரிசி குறைந்தது முத்தலிப் முதலாளிக்கு நல்லதாய்ப் போயிற்று. செங்கல்லும் தோடம்பழமுமாக இருந்தவர் பச்சைக்கு இறங்கினார். "சண்டை வந்து முதலாளியைச் சுகப்படுத்திப்போட்டுது" என்று டாக்டர் ஆசையோடு எழுதினார். பதினாலாம் நம்பரின் பகுதியைப் புரட்டும்போது மட்டும் எழும்பிப் போய், பானையில் மிஞ்சிய மருந்தை எண்ணுவார். மூன்று போத்தல் இருந்தது. பிறகு இரண்டு.

பெரிய வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்தது. அடுத்த வியாழன் எங்களுக்கு. ஏப்ரல் ஒன்பது. காலை ஏழு மணி இருக்கும், நான் படியில் நின்று தலை கோதிக்கொண்டிருந்தேன். சீனக்குடாப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. மத்தியானத்துக்குள் பாதி ஊர் காலியாகிவிட்டது. என் தமையன் வந்து என்னை இழுத்துக்கொண்டு தம்பலகாமத்துக்கு வண்டி ஏற்றினான். நானும் போனேன். போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் போனேன். இதற்குப் பிறகு அந்த வாரத்தில் நடந்ததெல்லாம், நான் திரும்பி வந்த பிறகு நோட்டில் பார்த்ததும் கதிராமனும் டாக்டரும் சொன்னதும்தான்.

காயப்பட்டவர்களைப் பார்க்க வரும்படி கடற்படைக்காரர்கள் டாக்டரைக் கூட்டிப்போனார்கள். ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் கதிராமனிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்த ரெண்டு போத்தலையும் மூதூருக்குக் கொண்டுபோய்க் குடு. பிள்ளையிட்ட இருந்தது நேற்றோட முடிஞ்சிருக்கும். குளிரா வைச்சுக்கொண்டு போ. நிறம் பார்த்து எழுது."

லோஞ்ச் ஓடவில்லை. குடாவைக் கடற்படை மறித்துவிட்டது. தெரிந்த தோணிக்காரன் ஒருவன், நாளைக்குக் காலைதான் ஓரத்தோடு ஒட்டிப் போகலாம் என்றான். சித்திரை மாதத்து வெய்யில். ஈரமணல் பானையைத் தூக்கிக்கொண்டு தோணியில் ஏற முடியாது. கதிராமன் யோசித்தான். யோசித்து, கடற்கரைக்காரன் செய்கிறதைச் செய்தான்.

முத்தலிப் முதலாளி மீன் வாடியைப் பூட்டிக்கொண்டு ஓடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மரத்தூள் பொதிந்த மீன் பெட்டியில் முதல்நாள் ஐஸ் கட்டி கிடந்தது. "எடுத்துக்கொண்டு போ தம்பி, மீன் நாறினால் நாறட்டும்" என்றார். கதிராமன் ஐஸை உடைத்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, குளிர் இன்னும் ஏற உப்பும் தூவி, நடுவில் இரண்டு போத்தலையும் புதைத்தான். தூரத்துக்குப் போகும் மீனை அப்படித்தான் வைப்பார்கள். கல்லாக இறுகிய மீன் கெடாது, அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். குளிர் நல்லது என்றால் ஐஸ் அதைவிட நல்லதுதானே? அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பெட்டியும் நீல மருந்தும் குழாயும் நோட்டுமாக மூதூரில் இறங்கினான். பெட்டியைத் திறந்து றுக்கியாவிடம் பெருமையாகக் கொடுத்தானாம். "பாருங்கோ றாத்தா, ஒரு துளி வெக்கை படேல்லை." அவள் உள்ளே கொண்டுபோனாள். கொஞ்சம் பிந்தித்தான் ஊசியோடு வந்தாள். ஊசிக் குழாயில் மருந்து சீராக இல்லாமல் திரிதிரியாக நின்றதை அவன் கண்டான். குலுக்கிப் பார்த்தான். அவசரம், பிள்ளை ஒரு நாள் மருந்து இல்லாமல் இருந்திருக்கிறாள். இருபது யூனிட் ஏற்றினார்கள்.

பின்னேரம் செங்கல். அடுத்த நாள் காலையும் செங்கல். முப்பது ஏற்றினார்கள். செங்கல். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவன் எழுத்து ஒவ்வொரு வரிக்கும் சின்னதாகிக்கொண்டு போகிறது. பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். அவளுடைய மூச்சில் பழுத்த பழ வாசம் வந்தது. அந்த வாசம் வந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எங்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதும் அவள் கேட்டாளாம். "என்ன நிறம், மாமா?"

கதிராமன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு பச்சை என்று சொல்லியிருக்கலாம். நீலம் என்றே சொல்லியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? இந்த மடையன் குழாயை அவளுக்குக் காட்டினான். அவள் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். "நான் ஏன் காட்டினனான் மலரக்கா?" என்று என்னிடம் பத்துத் தரம் கேட்டிருப்பான். எனக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை தோணிக்காரன் காலைப் பிடித்துத் திருகோணமலைக்கு வந்தான். கடற்படை வாசலில் காவல்காரன் விடவில்லை. இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. நோட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினானாம். மூத்திர நிறம் எழுதிய நோட்டைப் பார்த்து வெள்ளைக்காரன் என்ன விளங்கியிருப்பான்? பின்னேரம் டாக்டரே ஏதோ வேலையாக வெளியே வந்தபோதுதான் பிடிக்க முடிந்தது. சட்டையெல்லாம் இரத்தம். நின்றபடியே நோட்டை வாசித்தார்.

"மருந்து ஏறியிருக்கு. நிறம் இறங்கேல்லை. எப்படிக் கொண்டுபோனனீ?"

"ஐசில வைச்சு, ஐயா. உப்பும் போட்டு."

டாக்டர் அந்த இடத்திலேயே, ரோட்டோரத்தில், குந்திவிட்டாராம். ஏசியிருந்தால் கதிராமனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. "குளிரா வை எண்டு சொன்னவன் நான். உறைய விடாதே எண்டு சொல்லாதவனும் நான்தான்" என்றார். கொழும்புக்குத் தந்தி அடித்தார்கள். கொழும்புச் சனமே குண்டுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு துளி இன்சுலின் இல்லை. உப்புக் கஞ்சி கொடு, தண்ணீர் கொடு என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பார்க்கிறதுக்கு ஒரு டாக்டர், எழுதுகிறதுக்கு ஒரு நோட்டு, நிறம் சொல்ல ஒரு கண், எல்லாம் இருந்தும் கையில் ஒன்றும் இல்லை. எனக்கு இதை எழுதும்போதே ஆத்திரம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை சித்தி பரீதா மௌத்தானாள். அன்றைக்குச் சித்திரை வருஷப் பிறப்பு. பதினாலாம் நம்பரின் கடைசி வரியில் 'செங்கல், காலை ஆறு மணி' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

டாக்டர் தன்னுடைய கட்டுரையைப் பிறகு எழுதி முடித்தார். பதின்மூன்று பேருடைய உடம்பு அரிசிப் பஞ்சத்தில் எப்படித் தேறியது என்று அதில் இருந்தது. பதினாலாம் ஆளைப் பற்றி ஒரு வரி, சண்டை காரணமாகச் சிகிச்சை தடைப்பட்டது என்று. கதிராமன் அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டான். "தடைப்படேல்லையே ஐயா, ஏத்தினனாங்கள்தானே" என்றான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வருஷா வருஷம் மூதூரிலிருந்து சோறு வரும். பிள்ளை மௌத்தான நாளில் அவள் பேரில் கத்தம் ஓதிய சோற்றில் ஒரு பங்கு, துணியில் கட்டி, வருகிற ஆள் யாரிடமாவது றுக்கியா கொடுத்து அனுப்புவாள். 'குண்டுக்குள்ளாலயும் என்ட புள்ளைக்கு மருந்து கொண்டந்த தம்பிக்கு' என்று சொல்லி அனுப்புவாள். கதிராமன் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு பருக்கை தொடமாட்டான். "ஐஸ் விசயத்தைச் சொல்லித் துலையன்டா" என்றேன் நான். "எப்படி அக்கா சொல்லுறது?" என்பான். இரண்டு வருஷம் அந்தச் சோற்றை நான்தான் தின்றேன். எனக்கும் இறங்கவில்லை.

மூன்றாம் வருஷம் றுக்கியாவே வந்தாள். துறைமுகம் முழுக்க வெள்ளைக்காரனுடைய கப்பல், லோஞ்ச் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தது. மெலிந்து பாதியாகியிருந்தாள். விறகு அறை வாசலில் சோற்றுக் கட்டை வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

"தம்பி, உங்களுட்ட ஒண்டு கேக்கணும். மூணு வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்கு."

கதிராமன் குழாயைத் தட்டில் வைத்தான்.

"அண்டைக்கு நீங்க தந்த மருந்து கல்லு மாதிரிக் குளுந்து கிடந்திச்சு. அவ்வளவு குளிர எப்பிடிப் புள்ளட உடம்புல ஏத்திற? சன்னி பிடிச்சிரும் எண்டு பயந்து, நான் ரெண்டு போத்தலையும் குசினிக்குள்ள கொண்டுபோய்க் கஞ்சிப் பானைல ஆவி காட்டினன். ஆவி காட்டக்குள்ள கைதவறிக் கொதிக்கிற கஞ்சிக்குள்ள விழுந்திட்டு. அகப்பையால எடுத்துத் தொடச்சன். உங்களுக்குச் சொல்லல்ல. ஏசுவீங்க எண்டு சொல்லல்ல." என் பக்கம் கையைக் காட்டினாள். "வெக்கை பட்டாக் கெட்டிரும் எண்டு இந்த மிஸ்ஸி எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவ. நாந்தான் கெடுத்தனா? என்ட புள்ளய நாந்தான் கொண்டனா? நீங்க உள்ளத உள்ளபடி சொல்ற ஆள். சொல்லுங்க."

ஐஸ் கெடுத்ததா, கஞ்சி கெடுத்ததா? உறைந்த மருந்து கொதித்ததா, கொதிக்குமுன்பே வீணாய்ப் போயிருந்ததா? அதை ஆண்டவனைத் தவிர யாராலும் சொல்ல ஏலாது. தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். கதிராமன் அப்படித்தான் சொல்லுவான் என்று நினைத்தேன். குழாய் காட்டாததை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"இல்ல றாத்தா," என்றான். "நீங்க தொட முன்னமே அது பழுதாப் போச்சு. நான் ஐசில வைச்சு இறுக்கிப்போட்டன். இறுகினா அந்த மருந்து செத்துப்போகும். பிறகு கஞ்சியில விழுந்தா என்ன, கடலில விழுந்தா என்ன? நான் செய்தது. உங்கட கையில ஒண்டுமில்ல."

"நிசமா?"

"ஓம். டாக்டர் ஐயாவிட்டயும் சொன்னனான். கேட்டுப் பாருங்கோ."

றுக்கியா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பினாள். அவன் காலடியில் வைத்த சோற்றுக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"மூணு வருசமா என்ட கையால உனக்குச் சோறு அனுப்பினேனே," என்றாள். நீங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "அல்லாஹ் உன்னக் கேப்பான்."

படி இறங்கிப் போய்விட்டாள். முதுகு நிமிர்ந்து போனாள், அதை நான் கண்டேன். எனக்கு வந்ததே கோபம்.

"உனக்கென்ன விசரா? ஐஸ்தான் எண்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மலரக்கா," என்றான். "அதைக் குழாயில போட்டுப் பாக்க ஏலாதே."

விளக்கைக் கொளுத்தி மூன்றாம் நம்பரின் போத்தலை எடுத்தான். எட்டுச் சொட்டு எண்ணி விட்டான். கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் நிறம் பார்த்தான்.

அடுத்த வருஷம் சண்டை முடிந்திருந்தது. கத்தம் ஓதும் நாள் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அன்று முழுக்க வேலைக்கு நடுவில் வாசலை எட்டி எட்டிப் பார்த்தான். கடைசி லோஞ்ச் வந்து ஆட்களும் இறங்கிப் போய்விட்டார்கள்.

"சோறு வரேல்லைத்தானே அக்கா?" என்றான்.

"வரேல்லை."

"அப்ப றாத்தா நம்பிப்போட்டா," என்று சொல்லிவிட்டு, குழாய்களைக் கழுவப் போனான்.